மணிக்குப் பதில் தகரம்

கரையோரப் பள்ளிக்கூடத்து ஸ்ரெல்லா ரீச்சருக்கு, மேலே வந்து சுடும் ஆமி ஹெலிகொப்டரின் சத்தத்தைவிட மாதா கோயில் மணிதான் பயம். அந்தக் கரையில் மணி விடாமல் அடித்தால், மீன்பிடித் தொழிலுக்குப் போன வள்ளம் ஏதோ ஆபத்தில் என்று அர்த்தம். உலை கொதித்தபடி கிடக்க ஊரே கடற்கரைக்கு ஓடும். ரீச்சரின் புருஷன் அடைக்கலநாதனும் கடலுக்குப் போகிறவன்தான்.

சண்டை நடந்த எண்பத்தாறில் கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி தியாகலிங்கம் வந்தார். ஹெலி வந்தால் மணி அடிக்க வேண்டும், பிள்ளைகள் பதுங்குவதற்கு வெட்டிய பங்கர்க் குழிக்குள் இறங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பள்ளிக்கூடத்துக்கென்று மணி ஏது? பக்கத்துக் கோயில் மணியையே அடிக்கச் சொல்லிவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போய்விட்டார். பெரிய மூளைதான்!

அடுத்த கிழமையே ஹெலி வந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் ஒருவர் மிச்சமில்லாமல் கடற்கரைக்கு ஓடினார்கள், ஹெலிக்கு நேர் கீழே. ஸ்ரெல்லா கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். அன்று அது சுடாமல் போனது மாதாவின் கிருபை. அதன்பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கந்தோரிடம் சொல்லிப் பயனில்லை என்று மீன் சந்தைக்குப் போய், என்ன செய்யலாம் என்று தாய்மாரிடம் கேட்டாள்.

“மணி அடிச்சால் நாங்களே ஓடுவம், பிள்ளையள் சும்மா இருக்குங்களோ ரீச்சர்?” என்றாள் மீன் விற்கும் லூர்த்தம்மா. “ஹெலி வந்தால் ஒரு தகரத் தட்டைத் தட்டுங்கோ. திரும்பத் தட்டுமட்டும் வெளியிலை வரப்படாது எண்டு நாங்களும் வீட்டிலை சொல்லுறம்.”

சொன்னபடி சொன்னார்கள். பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி ஹெலி. ஸ்ரெல்லா தகரத்தைத் தட்டினாள். எல்லாரும் பங்கருக்குள் இறங்கினார்கள். கடல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பிறகு கோயில் மணி அடிக்கத் தொடங்கியது, விடாமல்.

பிள்ளைகள் ரீச்சரின் முகத்தையே பார்த்தார்கள். அவர்களுடைய தகப்பன்மார் கடலில். அவளுடைய புருஷனும் கடலில். தகரம் மடியில் கிடந்தது. ஒரு தட்டுத் தட்டினால் ஓடிவிடலாம். மேலே ஹெலி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“ரீச்சர், அப்பா…” என்று அழுதாள் லூர்த்தம்மாவின் மகள்.

“இரு பிள்ளை. நானும் இருக்கிறன்தானே.”

ஹெலி போய்ச் சத்தம் அடங்கியபிறகுதான் தட்டினாள். பிள்ளைகள் கடற்கரைக்கு ஓடினார்கள். பிள்ளைகள் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அடைக்கலநாதனின் வள்ளம் மட்டும் திரும்பி வரவில்லை.

பிறகு கந்தோரிலிருந்து எத்தனையோ உத்தரவுகள் வந்தன, போயின. தகரத்தை மாற்றச் சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆனால் ஸ்ரெல்லா அதைத் திரும்பத் தொடவில்லை; தட்டுவதற்கு வேறு ஆளை வைத்தாள்.