பாக்கியநாதனின் ‘தி’

“எந்த வெள்ளி?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பாக்கியநாதன் டைப்ரைட்டரில் கை வைப்பதில்லை. “அடுத்த வெள்ளிதான் சார்” என்றால் விடமாட்டார். “தமிழுக்கு அது போதும் நைனா. இங்கிலீஷ்ல ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ன்னா வர்ற வாரத்து வெள்ளி. முன்னால ஒரு ‘தி’ போட்டா, சொன்ன நாளுக்கு அப்பால வர்ற வெள்ளி, ஏழு நாள் தள்ளிப்பூடும்” என்பார்.

பொன்னேரி தாலுகா ஆபீசுக்கு எதிரே, சைக்கிள் கடையை ஒட்டி ஒரு மேஜை, ஒரு ஸ்டூல். மனு, லீவு லெட்டர், வேலைக்கு விண்ணப்பம் எல்லாம் இங்கேதான் ஆங்கிலமாகின்றன. அந்தச் சின்னச் சொல்லின் மேல் அவருக்கு அப்படி ஒரு கிறுக்கு. ‘இன் தி மார்னிங்’, ‘இன் தி ஈவினிங்’ என்றெல்லாம் இருக்க, ‘அட் நைட்’ மட்டும் ஏன் மொட்டையாக நிற்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். “இருட்டுல வெளிய வர அதுக்கு பயம்” என்று சிரித்தார். நிஜக் காரணம் அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவரே இந்த அக்டோபரில் ஒரு ‘தி’யைக் கோட்டை விட்டார். பக்கத்துக் கிராமத்து சுப்பிரமணி கும்மிடிப்பூண்டிக் கம்பெனி ஒன்றில் பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் தாய் இறந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் இருபத்தொன்றாம் தேதி. “அதுக்கு அடுத்த வெள்ளி வரேன்னு எழுது சார்” என்று பத்தாம் தேதி வந்து விம்மினான். அழுகிறவனைக் குடைய பாக்கியநாதனுக்கு மனம் வரவில்லை. ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்று அவசரமாக அடித்துக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை கார்பன் பிரதியைப் பார்த்தவர் பதறிப்போனார். பதினெட்டாம் தேதி வர முடியாதவன், பதினெட்டாம் தேதியே வருவதாக அதில் இருந்தது! டைப்ரைட்டரை மூடிவிட்டு ரயிலுக்கு ஓடினார். வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன்.

கம்பெனி டைப்பிஸ்ட் விக்டோரியா கடிதத்தைத் தேடி எடுத்தாள். “பதினெட்டு வரேன்னுதானே சார் போட்டிருக்கு? வரலைன்னா அடுத்த ஆளுக்கு ஆர்டர் போயிடும்.”

“பையன் மேல தப்பில்லம்மா. அடிச்சவன் நானு. ஒரு ‘தி’யை முழுங்கிட்டேன். அவன் பொயப்பே அதுல கீது.”

அவள் உள்ளே போய் வந்தாள். “இருபத்தஞ்சாம் தேதி வரலாமாம். ஆனா திருத்துறவங்க கையெழுத்து வேணுமாம்.”

இருபது வருஷமாக ஊரார் கையெழுத்துக்கு மேலே அடித்தவர் அவர். தன் பெயர் எந்தக் கடிதத்திலும் வர விட்டதில்லை. பிழையை ஒப்புக்கொண்டும் நான் பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்க வந்ததற்கு எனக்கு வெட்கமாகிவிட்டது.

பாக்கியநாதன் ‘நெக்ஸ்ட்’டுக்கு முன்னால் மூன்று எழுத்தை எழுதினார். ஓரத்தில் ‘என் பிழை’ என்று ஆங்கிலத்தில் எழுதி, அதன் கீழ் தன் முழுப் பெயரையும் போட்டு, மை காயும்வரை குனிந்து ஊதிக்கொண்டே இருந்தார்.