தராசுக்குக் கேட்காத பொலி

இந்த நாட்டில் பிறந்தநாள்காரர்தான் தன் கேக்கைத் தானே வாங்கிக்கொண்டு வேலைக்கு வரவேண்டும். எல்லாரும் அவருக்குக் கை கொடுத்து 'ஹெஃபெலிசிதேர்த்' என்பார்கள். வாழ்த்துகள் என்று அர்த்தம். அதோடு விட்டால் பரவாயில்லை. பக்கத்தில் சும்மா நிற்கிறவர்களுக்கும் கை கொடுத்து அதையே சொல்வார்கள். நெதர்லாந்துக்கு வந்த புதிதில், நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் யாரோ ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். வரிசையாக வந்து என் கையையும் பிடித்துக் குலுக்கினார்கள். நான் உண்டாகியிருக்கிறேன் என்று எவரோ புரளி கிளப்பிவிட்டார்கள் போல என்று பயந்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். "உன் தோழிக்குப் பிறந்தநாள், அதனால் உனக்கும் வாழ்த்து" என்று பிறகுதான் விளக்கினார்கள். ஒருத்தி பிறந்ததற்கு ஊரையே வாழ்த்துகிற இந்தச் சனங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

நான் நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில் பிறந்தவள். கண்ணைத் திறந்த இடமெல்லாம் மலை. இங்கேயோ வீட்டு வாசலில் நின்றால் அடுத்த ஊர் கோபுரம் தெரிகிறது, அவ்வளவு தட்டை. வீட்டுக்காரருக்கு இங்கே வேலை கிடைத்து வந்தோம். நான் பாத்திரம் கழுவுகிற பகுதியில் தொடங்கி, போன வருடம் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வரிசைக்குப் பொறுப்பாளியானேன். நோயாளிகளின் தட்டுகள் ஒரு பட்டையில் ஊர்ந்து வரும். ஒருவர் சூப் வைப்பார், ஒருவர் உருளைக்கிழங்கு, ஒருவர் உப்பில்லாததா சீனியில்லாததா என்று சீட்டைப் பார்ப்பார். என்னோடு சேர்த்து ஆறு பேர். யாராவது ஒருவர் கண்ணசந்தால் சீனி வியாதிக்காரருக்கு இனிப்புப் போய்விடும். பொறுப்பு கிடைத்த அன்றைக்கு நான் அக்காவுக்குப் போன் போட்டு, "இப்ப நானும் ஒரு கங்காணி" என்றேன். அவள் "அப்ப ஒன்னயும் நாலு பேரு திட்டுவாங்க, பழகிக்க" என்றாள்.

திட்டவில்லை. அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. எங்கள் வரிசையில் பிராம் என்று ஒருவன் இருக்கிறான். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், சீட்டு வாசிப்பதில் புலி. அவன் வேறு பகுதிக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டான். அவன் போனால் கூடவே இன்னும் இரண்டு பேர் போவார்கள் என்று பேச்சு. அப்படி நடந்தால் என் வரிசை சிதறிப்போகும், வெளிநாட்டுக்காரிக்குப் பொறுப்பு கொடுத்தால் இப்படித்தான் என்று நாலு பேர் தலையாட்டுவார்கள். நான் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. லீவு கேட்டால் கொடுத்தேன், கை வலிக்கிறது என்றால் நானே போய் நின்றேன். பிறகு எதற்கு இந்தக் கோபம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

காரணம் என்று யோசித்தபோது ஒரு நாள்தான் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்த ஒரு மத்தியானம். ஒரு தட்டுகூடத் திரும்பி வரவில்லை, ஒரு தவறும் இல்லை. எங்கள் மேலாளர் ஹெங்க் கையில் பேனாவோடு வந்தார். நன்றாக வேலை செய்தவர்களைப் பாராட்டச் சுவரில் இருக்கும் பலகையில் எங்கள் வரிசையின் பேரை எழுத வேண்டும் என்றார். நான் குறுக்கே போய், "வேண்டாம் ஹெங்க், இன்றைக்கு இலேசான நாள்தான், எழுதும்படி ஒன்றும் இல்லை" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். என் ஆட்கள் வேர்வையைத் துடைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களைப் பார்த்து, நல்ல காரியம் செய்த நிறைவோடு கண்ணைச் சிமிட்டினேன். அவர்களைக் காப்பாற்றிவிட்டேன் என்று மனதார நம்பினேன்.

ஏன் அப்படி நம்பினேன் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். எங்கள் பக்கம் காலையில் மலையில் இறங்கி முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது 'பொலி, பொலி' என்று சத்தமாகச் சொல்வார்கள். பெருகட்டும் என்கிற வாழ்த்து. அத்தனையும் தொடக்கத்தோடு சரி. சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் மட்டும் ஒருத்தி வாயிலிருந்தும் சந்தோஷம் வரக்கூடாது. என் அக்கா மல்லிகா வேலைக்குப் போன புதிதில், கொழுந்து தளதளவென்று வந்த ஒரு மாசத்தில், தராசு முள் எங்கேயோ போய் நின்றது. பக்கத்தில் நின்ற பெண்கள் கை தட்டிவிட்டார்கள். கண்டாக்கு, அதாவது மலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர், சிரித்துக்கொண்டே அக்காவைப் பாராட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரையும் கூட்டி வேலை பிரிக்கிற இடத்தில், புதுச் சட்டம் வந்தது. இனி அத்தனை பேரும் கிலோவைக் கூட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். கை தட்டின பெண்களே அக்காவோடு ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் நல்லது நடந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். நான் சாதாரணதரப் பரீட்சை பாஸானதைக்கூட அம்மா அடுப்புப் பக்கம் கூப்பிட்டுத்தான் கொண்டாடினாள்.

இதையெல்லாம் பிராமிடம் எந்த மொழியில் சொல்வது? அப்போதுதான் பாத்திரப் பகுதியில் இருக்கும் மரேய்க்கா என்னைக் கூப்பிட்டாள். ஊதா நிறத்தில் முடிக்குச் சாயம் அடித்தவள், ஐம்பது வயதிருக்கும். சனிக்கிழமை பிற்பகல்களில் அவள் வீட்டில் ஒரு மேசை விளையாட்டு நடக்கும். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிவிடுவார்கள். நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு தாயக்கட்டை முடிவு செய்யும். வளர்ந்த ஆட்கள் இப்படி உட்கார்ந்து விளையாடுவதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிராமும் அங்கே வருவான் என்று கேள்விப்பட்டதால் போனேன். கையைக் காலைப் பிடித்தாவது அவன் மனதை மாற்றிவிடலாம் என்று திட்டம்.

"நீ யாராக இருக்கப்போகிறாய்?" என்று மரேய்க்கா கேட்டாள். மந்திரவாதி, வில்லாளி என்று ஒரு பட்டியலைக் காட்டினாள். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. "கூடைக்காரி" என்றேன். தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமக்கிறவள், வழுக்குகிற சரிவில் விழாமல் நடக்கத் தெரிந்தவள். அவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. பிராம் பெரிய வாள் வைத்த வீரன். கதைப்படி ஒரு மலைச்சரிவைக் கடந்து போய் டிராகனைப் பார்க்க வேண்டும். வீரன் கட்டையை உருட்டினான், சறுக்கி விழுந்தான். நான் உருட்டினேன், நல்ல எண் விழுந்தது. "சரி, தாண்டியாயிற்று, டிராகன் எங்கே?" என்றேன்.

மரேய்க்கா நகரவே இல்லை. "எப்படித் தாண்டினாய் என்று சொல்."

"தாண்டினேன். அவ்வளவுதான்."

"அது போதாது. நாங்கள் பார்க்க வேண்டும்."

வேறு வழியில்லாமல் சொன்னேன். குதிகாலை மண்ணில் ஊன்றி, பக்கவாட்டில் திரும்பி, வேர் பிடித்த செடியாகப் பார்த்துப் பிடித்து, கூடைக் கயிற்றை அவிழ்த்து வீரனை மேலே இழுத்த கதையை. நான் முடித்ததும் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் விரல் முட்டியால் பலகையைத் தட்டினார்கள். டொக் டொக் என்று ஒரே சத்தம். எனக்குக் காது சூடாகிவிட்டது. சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஆனால் கூடவே பழைய பயமும் எழும்பியது.

"நாம் இவ்வளவு கொண்டாடினால் அடுத்த மிருகத்தைப் பெரிதாக்கிவிட மாட்டாயா?" என்று மரேய்க்காவிடம் கேட்டேன்.

அவளுக்கு விளங்கவில்லை. "மிருகம் மிருகத்தின் அளவில்தான் இருக்கும். நீங்கள் சந்தோஷப்பட்டால் நான் ஏன் அதைப் பெரிதாக்க வேண்டும்? அப்புறம் யார் என்னோடு விளையாட வருவார்கள்?"

நான் எனக்குத் தெரிந்த டச்சில் தராசு, கைதட்டல், மறுநாள் கூடின கிலோ எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். பிராம் கட்டையைக் கீழே வைத்தான். "அதனால்தான் ஹெங்கிடம் இலேசான நாள் என்றாயா? எங்களை மறைத்துவைத்தாயா?"

"ஆமாம். பத்திரமாக."

"எங்களுக்கு அது தெரியாதே" என்றான். "உனக்கு நாங்கள் கண்ணிலேயே படவில்லை என்றல்லவா நினைத்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. தோட்டத்தில் தராசைப் பிடித்திருந்தவர் ஆட்டத்தை மோசமாக நடத்தினவர் என்பதும், அவரைப் பார்த்துக் கற்ற பாடத்தையே நான் இங்கே இறக்குமதி செய்திருக்கிறேன் என்பதும் அந்த மேசையில்தான் உறைத்தது.

இருந்தாலும் சூடு கண்டவள். திங்கட்கிழமை முதல் வேலையாக ஹெங்கின் அறைக்குப் போய், "பலகையில் எங்கள் பேரை எழுதினால் அடுத்த நாள் தட்டுகளைக் கூட்டுவீர்களா?" என்று நேராகக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தட்டைக் கூட்ட வேண்டுமென்றால் நான் போய் ஊரில் ஆட்களை நோயாளியாக்க வேண்டும்" என்றார். அது நியாயம்தான். வெளியே வந்து சுவரில் சாய்ந்து தனியாகச் சிரித்தேன்.

கொண்டாடுவது என்று முடிவு செய்த பிறகும் எப்படி என்று தெரியவில்லை. இந்த ஊரில் கொண்டாட்டத்துக்கு உரியவர்தான் இனிப்பு கொண்டுவர வேண்டும், நானோ பொறுப்பாளி, ஆகவே நானே ரவை வறுத்து முந்திரி போட்டுக் கேசரி கிண்டிக்கொண்டு போனேன். மூடியைத் திறந்ததும் அத்தனை பேரும் பாய்ந்து வந்து என் கையைக் குலுக்கினார்கள். "ஹெஃபெலிசிதேர்த், வளர்மதி." எனக்குப் பிறந்தநாள் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, ஒரு பெண் பாட்டே பாடத் தொடங்கிவிட்டாள். பாட்டு முடியும் வரை நின்று, பிறகு சொன்னேன். "நேற்று உப்பில்லாத தட்டு ஒன்று வேறு அறைக்குப் போகப் பார்த்தது. பிராம் சீட்டைக் கவனித்துப் பட்டையை நிறுத்தினான். நிறுத்தின நேரத்தில் மற்றவர்கள் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் காத்திருந்தீர்கள். இந்தக் கேசரி அதற்குத்தான்." 'நல்ல வேலை' என்று பொதுவாகச் சொன்னால் யார் தலையிலும் இறங்காது என்பது மரேய்க்காவின் மேசையில் கற்றது. யார், எதை, எப்படி என்று சொல்ல வேண்டும். பிராம் குனிந்தபடி எவர்சில்வர் மேடையை முட்டியால் தட்டினான், மற்றவர்களும் தட்டினார்கள். மாற்றக் கடிதத்தை மட்டும் அவன் திருப்பி வாங்கவில்லை. "கோடை வரைக்கும் பார்க்கிறேன்" என்றான்.

அன்றிலிருந்து காலையில் முதல் தட்டு பட்டையில் ஏறும்போது நான் 'பொலி' சொல்ல ஆரம்பித்தேன். என்ன அர்த்தம் என்று கேட்டு அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் தொடக்கத்துக்கு மட்டும் சொல்வது என்று நான் விளக்கியதை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. சிந்தாமல் சூப் வைத்தால் பொலி, உடைந்த வண்டிச் சக்கரத்தை ஒருவன் சரிசெய்தால் பொலி. இதைப் போனில் சொன்னபோது அக்கா, "அந்த வெள்ளக்காரங்களுக்கு வேலை வெட்டி கெடையாதா?" என்று கேட்டாள்.

சித்திரையில் லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். மழைக்குப் பிறகு மலை பச்சையாகப் பொங்கியிருந்தது. சாயங்காலம் அக்காவைக் கூட்டிவர நிறுவை இடத்துக்குப் போனேன். அவள் மூட்டை தராசில் ஏறியது, நல்ல எடை. என் கை சும்மா இருக்கவில்லை. கொழுந்து லொறியின் பலகையில் டொக் டொக் என்று தட்டிவிட்டேன். பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எடை குறித்துக்கொண்டிருந்தவரும் தலையைத் தூக்கினார். அக்கா என் காலை நன்றாக மிதித்தாள். "வாய மூடிக்கிட்டு வா" என்றாள். நான் தட்டியது கையால் என்று சொல்லத் துணிவு வரவில்லை.

குறுக்குப் பாதையில் இறங்கினோம். அக்காவும் கூட வேலை செய்கிற பெண்களும் என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்தார்கள். நெதர்லாந்தில் ஒரு தவறு, அதைத் திருத்தினால் நோர்வூட்டில் ஒரு தவறு, எனக்கு எந்த ஊர்தான் வாய்க்கும் என்று நொந்துகொண்டே போனேன். லொறி கண்ணுக்கு மறைகிற வளைவு வந்ததும் அக்கா நின்றாள். பைக்குள்ளிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தாள். மூடியை முட்டியால் தட்டினாள்.

"எனக்கு இன்னைக்குக் கை வீக்கம். பூரணந்தான் எந் நெரையிலயும் பூந்து கொழுந்து எடுத்து எங் கூடையில போட்டா. இல்லாட்டி அரைப்பேருதான்."

பூரணம் என்கிற அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அக்கா, சும்மா இருங்க. ஆராச்சும் கேட்டுறப் போறாங்க."

"இங்கன கேக்காது. அங்கதான் தட்டக் கூடாது, இங்கன தட்டலாம்" என்றாள் அக்கா, என்னைப் பார்த்து, பெட்டி மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தபடி. ஒவ்வொருத்தியாகப் பெட்டியை எடுத்தார்கள். தண்ணீர்ப் போத்தலைத் தட்டினாள் ஒருத்தி. 'பொலி' என்று ஒரு குரல் தாழ்வாக வந்தது, பிறகு பல குரல்கள். நாள் முடிந்த பிறகு அந்த மலையில் அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

என் போன் அதிர்ந்தது. பிராம் ஒரு படம் அனுப்பியிருந்தான். சுவர்ப் பலகையில் எங்கள் வரிசையின் பேர், பக்கத்தில் அவர்கள் எழுத்தில் 'பொலி'. கீழே ஒரே ஒரு வரி, கோடைக்குப் பிறகும் இருக்கிறேன் என்று. ஒரு கையில் போனும் மறு கையில் அக்காவின் பெட்டி மூடியுமாக நின்று நான் பெரிதாகச் சிரித்தேன்.

"என்னாடி, ஆரு?" என்றாள் அக்கா.

"எங்க ஆளுங்க" என்றேன்.

"அப்ப நாங்க ஆரு?"

கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு லயத்தைப் பார்த்து இறங்கிவிட்டாள். மூடி மட்டும் என் கையில் இருந்தது. அதை முட்டியால் தட்டிக்கொண்டே பின்னால் போனேன், கொஞ்சம் அவளுக்கும் கொஞ்சம் பிராமுக்குமாக, லொறி வரை கேட்டுவிடாமல்.