இல்ஃபோர்டில் ஒரு டோக்கியோ அட்டை

லண்டன் இல்ஃபோர்ட் ரயில் நிலையத்தின் தானியங்கிக் கதவில் ஜெயகௌரி முதலில் தவறான அட்டையைத்தான் வைப்பார். பெங்குவின் படம் போட்ட பச்சை அட்டை. சிவப்பு விளக்கு எரியும். பின்னால் வேலைக்கு ஓடுகிற சனம் முனகும். "ஐயோ, இது டோக்கியோ காட் எல்லோ" என்று அடுத்த வரிசைக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் லண்டன் பயண அட்டையான ஒய்ஸ்டரை எடுப்பார். கைத்தவறு என்று நம்புகிறவர்கள் நம்பலாம். பணப்பையில் இரண்டுக்கும் வெவ்வேறு அறை.

போன சித்திரையில் டோக்கியோவில் வேலை செய்யும் மகன் சுஜீத்திடம் போயிருந்தார். அவன் அலுவலகம் போனதும் இவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறிவிடுவார். ஒருநாள் கவாகோயே, ஒருநாள் நிக்கோ. மாலையில் சோறு வடிக்கத் திரும்பிவிடுவார். காமகுராவில் கூரையில்லாமல் அமர்ந்திருக்கும் பெரிய புத்தரைப் பார்த்து, "பாவம், மழையெல்லாம் அவரின்ர தலையிலதான்" என்று இரங்கினார். அந்த ஊர்க் கடற்கரையில், கட்டிக்கொண்டு போன மட்டன் ரோலைக் கடிக்க வாயைத் திறந்தபோது பருந்தொன்று இறங்கிப் பறித்துக்கொண்டு போயிற்று. வேறு யாராவது கத்தியிருப்பார்கள். இவர் கருட தரிசனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த ரோலை எடுத்தார். தன் கைப்பக்குவம் பருந்துக்கும் பிடித்துவிட்டதில் இன்றுவரை அவருக்குத் தலைகொள்ளாத பெருமை.

ஊரெல்லாம் நம்பிய இந்தக் கதையைக் கணவர் கிருஷ்ணராசா மட்டும் நம்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மனைவியைக் காரில் ஏற்றி இறக்கியவர். தான் கூட வராவிட்டால் அவர் பக்கத்து ஹை ரோட்டுக் கடைத்தெருவிலேயே தொலைந்துபோவார் என்பது கிருஷ்ணராசாவின் சித்தாந்தம். மகன்தான் கூட்டிக்கொண்டு போயிருப்பான் என்று விருந்தாளிகள் முன்னால் சிரிப்பார். ஜெயகௌரிக்குச் சுருக்கென்று தைக்கும். "நான் தனியத்தான் போனனான்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போய்விடுவார். பருந்தா வந்து சாட்சி சொல்லப்போகிறது?

இந்த வருடம் இருவருமாகப் போவதென்று முடிவாயிற்று. கிருஷ்ணராசா மகனை ஃபோனில் அழைத்துக் காமகுராவுக்கு வழி கேட்டார். இத்தனை வருடம் இருந்தும் தான் அந்தப் பக்கமே போனதில்லை என்றான் அவன். "அம்மாவைக் கேளுங்கோ. அவதான் தனியப் போய் வந்தவ."

ஃபோனை வைத்துவிட்டு அவர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"இஞ்சாரும், அந்தப் பருந்து ரோல் பறிச்ச ஊருக்கு எங்க ரயில் மாறோணும்?"

"நான் கூட்டிக்கொண்டு போறன். நீங்கள் பின்னால வாங்கோ."

விமானத்துக்குப் புறப்பட்ட காலை, இல்ஃபோர்ட் நிலையத்தில் எப்போதும் முந்திக்கொள்ளும் கிருஷ்ணராசா பெட்டிகளோடு ஒதுங்கி வழிவிட்டார். ஜெயகௌரி பணப்பையைத் திறந்தார். முதல் தடவையிலேயே ஒய்ஸ்டரை வைத்து, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தார்.