மகளுக்கு நான் வைத்த பத்தியம்

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஓரிடத்தில் நிற்கமாட்டாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று எங்கள் ஊர் காஜா பெராங்கில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான், ஜப்பான்காரன் வரும்வரை.

முச்சந்தியில் சிப்பாய் காவல் நிற்பான். அவனைக் கடந்து போகிறவர்கள் நின்று குனிந்து வணங்க வேண்டும். ஒருநாள் இவள் அப்பாவின் கையை உதறிவிட்டு அவன் முன்னாலேயே ஓடினாள். அதற்காக அவன் என் கணவரைப் பளார் பளாரென்று அறைந்தான். அடுத்த தடவை பிள்ளைமேலேயே கை வைத்தால்?

பிள்ளையை ஆட்டுவது உடம்புச் சூடுதான், சாப்பாட்டை மாற்று என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பத்தியம் வைத்தேன். தென்னை வெல்லம் கூடாது, கருவாடு கூடாது. வீட்டுக் கோழி இடும் முட்டையை அவள் கண்ணில்கூடக் காட்டவில்லை. அரிசி எங்கும் இல்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அது குளிர்ச்சி என்று நானே மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பக்கத்துக் கிராமமான கம்போங் செட்டியிலிருந்து, மலாய் மட்டுமே பேசும் செட்டி அம்மாள் ஒருத்தி, முன்னோருக்குப் படைத்த பலகாரத்தில் கொஞ்சம் பிள்ளைக்கென்று கொண்டுவந்தாள். வெல்லம் போட்டது, தின்றால் ஆடுவாள் என்று மலாயில் சொல்லித் திருப்பி அனுப்பினேன். படைத்ததை யாரும் மறுப்பதில்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

சில மாதங்களில் மகள் அடங்கிவிட்டாள். உட்கார வைத்த இடத்திலேயே இருந்தாள். சிப்பாய் முன்னால் யாரும் சொல்லாமலே குனிந்தாள். என் பத்தியம் பலித்துவிட்டதென்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

ஒரு காலை, கூப்பிட்டும் எழவில்லை.

"கால் வரமாட்டேங்குதும்மா" என்றாள்.

பாதம் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டருக்குப் பதிலாக அங்கே வைத்தியம் பார்த்த டிரெசர் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். பத்தியத்தை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"பிள்ள அடங்கலம்மா. ஓட சத்து இல்லாம கெடக்கு."

மருந்து இல்லை, முட்டையாவது கொடுங்கள் என்றார். கோழியை அதற்கு முந்தின வாரம்தான் அடித்துத் தின்றிருந்தோம்.

ஒன்பது நாள் கிடந்து போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி எங்கள் தெருவுக்குப் புதிது. எவ்வளவு சாதுவான பிள்ளை என்று சொல்லி அழுதாள். சாதுவாக்கியவள் நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.