பிழையான ஆறு உடல்கள்

சுக்ரே நகர மருத்துவக் கல்லூரியின் பிணக்கூடத்தில் ஸெனைடா கோண்டோரிக்குப் பதினாறு வருட வேலை. உடலைப் பிரித்து மாணவர்களுக்குக் காட்டுவாள். அவள் பெயர் பொறித்த வட்ட முத்திரை விழாமல் அங்கே எந்தக் காகிதமும் செல்லாது. அதைத் தவிர அவளுக்கு வேறு மரியாதையும் கிடையாது.

அந்த முத்திரைக்காகத்தான் இன்ஜினீயர் ஊர்கிஸூ வந்தான். உடற்கூறியலைத் தானே கற்றுக்கொடுத்து, தானே பரீட்சையும் வைக்கிற கணினியைச் செய்திருந்தான்; கல்லூரி அதை ஏற்க அவள் முத்திரை வேண்டும். பிணவாடை பட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற ஆள், இருபத்திரண்டு உடல்களை ஸ்கேன் எடுத்துவிட்டு மனித உடம்பையே கரைத்துக் குடித்தவன்போலப் பேசினான். கருமம்!

டீன் முன்னிலையில் சோதனை நடந்தது. வில்மா என்கிற மாணவி நான்காம் மேசை உடலில் பித்தப்பைக்குப் போகும் ரத்தக்குழாயைச் சரியாகத் தொட்டுக் காட்டினாள். பலருக்குப் பின்னால் ஓடும் அது, இந்த உடலில் பித்த நாளத்துக்கு முன்னால் குறுக்கே ஓடியது. கணினி ‘தவறு’ என்றது.

ஸெனைடா அந்தக் குழாயை இடுக்கியால் தூக்கிப் பிடித்தாள். “கண்ணு தெரியுதா இன்ஜினீயரே? இதுவா தப்பு?”

“ஸெனைடித்தா...” என்று குழந்தையைக் கொஞ்சுவதுபோல இழுத்தான். “அந்த உடம்புதான் தப்பு. இந்த மாதிரி ஆறு இருந்துச்சு. மெஷினைக் குழப்புதேன்னு கணக்குலேருந்து தூக்கிட்டேன்.”

“இருபத்திரண்டு பேர்ல ஆறு பேர் தப்பாப் பொறந்துட்டாங்களாக்கும்! உங்க வயித்துக்குள்ள எப்படி ஓடுதுன்னு பாத்தீங்களா?”

டீன் வாசலில் நின்று, குழம்பு பொதிந்த சால்தேன்யாப் பலகாரத்தைச் சட்டையில் சொட்டாமல் கடிப்பதில் மும்முரமாக இருந்தார். படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு காரியத்துக்குத்தான் உதவியது. வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

“பரீட்சைக்கு முன்னாடி அந்த ஆறையும் அடக்கம் பண்ணிடலாம். அப்புறம் எது குழப்பும்? முத்திரையப் போடும்மா. உன் ஒப்பந்தமும் இந்த மாசம் புதுப்பிக்கணும்ல?”

அந்தக் குழாய் அங்கே ஓடுவது தெரியாத மருத்துவர் கத்தியை வைத்தால் வயிறு முழுக்க ரத்தம்தான். ஸெனைடாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தே முத்திரையைக் குத்தினாள். இன்ஜினீயர் கைதட்டினான். அவன்மேல் இருந்த அருவருப்பெல்லாம் அந்த நொடியில் அவள் பக்கமே திரும்பிவிட்டது.

வில்மா இன்னும் நான்காம் மேசையருகே நின்றிருந்தாள்.

“பரீட்சையில எதைக் காட்டணும் டீச்சர்?”

“மெஷின் கேக்கறதைக் காட்டு.”

“அப்போ உயிரோட இருக்கறவங்க வயித்துல?”

ஸெனைடா இடுக்கியைக் கழுவப் போனாள்.