இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது பொய் சொல்லத் தெரியாத ஒருத்திக்கு. ஒரு முழம் என்று யாராவது கயிற்றைக் கொடுத்தால்கூட, அளந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். புகுந்த வீட்டில் அவளுக்கு 'அளவுகோல்' என்றே பெயர்.

பயண வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதுவது அவள் வேலை. அந்தப் பழைய ஊர்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. அதைப் பற்றி அவள் எழுதிய புத்தகம் நான்காம் பதிப்புக்குப் போகும் நேரத்தில், பதிப்பாளர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மணிக்கூண்டில் 212 படிகள் என்று அவள் எழுதியிருந்தாள். மூன்று வாசகர்கள் அது தவறு என்று எழுதியிருந்தார்கள். மூவரும் சொன்னது மூன்று வெவ்வேறு எண்கள். நேரில் போய் எண்ணிவிட்டு வரச் சொல்லிவிட்டார்.

துணைக்கு நாத்தனாரை அழைத்துக்கொண்டு போனாள். அன்று காலையிலிருந்தே எதுவும் சரியாக நடக்கவில்லை. அருங்காட்சியகம் பூட்டிக் கிடந்தது. காப்பாளர் விடுப்பில் இருந்தார். கோட்டைச் சுவரைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டி, அதைக் கட்டிய ஆண்டை மூன்று விதமாகச் சொன்னார். திருத்தியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மணிக்கூண்டுக்கு வந்தபோது மணி 3:10. கையில் அழுத்தி எண்ணும் சின்னக் கருவியோடு ஏறினாள். ஒரு படிக்கு ஓர் அழுத்தல். ஏறும்போது 212. அப்பாடா என்றிருந்தது. இறங்கும்போதும் எண்ணினாள்.

214.

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நாத்தனார், மூட்டுவலி என்று படிக்கட்டுப் பக்கமே வரவில்லை.

"ரெண்டு படியில என்ன அண்ணி குடி முழுகிடப் போகுது?"

"என் பேர் முழுகிடும். நீ குடி, வந்துடறேன்."

ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவோம் என்று டிக்கெட் கிழிப்பவர் எச்சரித்தார். மேலே யாருமில்லை என்றும் சொன்னார். 4:20க்கு மறுபடி ஏறினாள். மூச்சு வாங்கியது. 212. உச்சியில் சற்று நின்றுவிட்டு, 4:41க்கு இறங்கத் தொடங்கினாள். இந்த முறை கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, படிக்குப் படி அழுத்தியபடியே வாய்விட்டும் எண்ணினாள்.

அறுபதாவது படியில்தான் அது கேட்டது. கீழே, இரண்டு வளைவு தள்ளி, ஓர் ஆண் குரல். அதுவும் எண்ணிக்கொண்டிருந்தது. மெதுவாக, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல.

யாரோ சுற்றுலாப் பயணி என்று நினைத்தாள். பயமே இல்லை. கோபம்தான்.

"கொஞ்சம் மனசுக்குள்ள எண்ணுங்களேன். எனக்குக் கணக்குத் தப்பிப் போகுது."

குரல் நின்றது.

அவள் "அறுபத்தொண்ணு" என்றாள். "அறுபத்திரெண்டு" என்றது அது.

கிண்டல் செய்கிறான் என்று பல்லைக் கடித்தாள். எட்டிப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வேகமாக இறங்கினாள். எவ்வளவு வேகமாக இறங்கினாலும் குரல் அதே இரண்டு வளைவு தள்ளியே இருந்தது. காலடிச் சத்தம் மட்டும் இல்லை...

நூற்றைம்பதாவது படியில் விளக்குகள் அணைந்தன.

கும்மிருட்டு. சுவரைத் தொட்டாள். கல் சூடாக இருந்தது. புகை வாடை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. பையில் கைப்பேசி இருந்ததுகூட நினைவுக்கு வரவில்லை.

"நூத்தி அம்பத்தொண்ணு... வாங்க... நூத்தி அம்பத்திரெண்டு..."

வேறு வழியில்லை. குரல் சொன்ன கணக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இருநூற்றுப் பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

தரை வரவில்லை.

வாசல் வெளிச்சமும் இல்லை.

"எரநூத்திப் பதிமூணு... வாங்க..."

கால் தானாக இறங்கியது. நிறுத்த நினைத்தாள். முடியவில்லை.

இருநூற்று இருபத்தாறில் கைப்பேசி அலறியது. நாத்தனார்.

"எங்க அண்ணி இருக்கீங்க? பூட்டப் போறாங்க."

அந்தக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தாள். கீழே இன்னும் நான்கு படிகள். அதற்கப்பால் வெளிச்சம் போகவில்லை.

மிக அருகில்...

"வாங்க."

திரும்பி ஓடினாள். முழங்கால் சிராய்க்க, கையை ஊன்றி, மேல்நோக்கி. வாசலில் வந்து விழுந்தாள். மணி 4:59.

டிக்கெட் கிழிப்பவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் படியையேதான் பார்த்துக்கொண்டு நின்றாராம். மேலேயிருந்து யாரும் இறங்கவில்லையாம். அவள் திரும்பிப் பார்த்தாள். படிகள் தரையோடு முடிந்திருந்தன. கீழே போக வழியே இல்லை. கல் தளம். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

கையிலிருந்த கருவி 226 காட்டியது.

நான்காம் பதிப்பில் 212 என்றே எழுதினாள். பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள்: இறங்கும்போது எண்ணாதீர்கள். அதை எடுத்துவிடச் சொல்லிப் பதிப்பாளர் இரண்டு முறை கேட்டார். முடியாது என்றுவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து, அவள் விசாரித்து எழுதியிருந்த கடிதத்துக்கு அந்த ஊர் ஆவணக் காப்பகத்திலிருந்து பதில் வந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, ஊரைப் பார்க்க ஏறியவர்கள் மேலே இருந்தபோது மணிக்கூண்டில் தீப்பிடித்தது. புகையில் கண் தெரியாமல் இறங்கிய பதினேழு பேர் வாசலைத் தாண்டி, பதினெட்டுப் படி கீழே, நிலவறையில் இறந்து கிடந்தார்கள். பிறகு அதைக் கல்லால் நிரப்பி மூடிவிட்டார்கள்.

இறங்கப் பயந்து உச்சியிலேயே நின்ற இருவர் பிழைத்தார்கள். ஓர் ஆண் குரல் படிகளை எண்ணி எண்ணி எல்லோரையும் கீழே கூப்பிட்டது என்று இருவருமே சாட்சி சொன்னார்கள். அது யார் என்று விசாரித்திருக்கிறார்கள். மணிக்கூண்டுக் காவலாளி அன்று முழுக்க வாசலுக்கு வெளியேதான் இருந்தார்.

இறந்த பதினேழு பேரும் பெண்கள், குழந்தைகள். உள்ளே ஆண் என்று ஒருவர்கூட ஏறவில்லை.