தொப்புள் காயாத பால் சுறா

போன வருஷம் ஆடி மாதம். இந்த விஷயம் அதிராம்பட்டினம் கடற்கரையில் ஆரம்பித்து, மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு ஊரில் முடிந்தது. முடிந்தது என்று சொல்கிறேன். எனக்கு இன்னும் முடியவில்லை.

நான் மீன் வியாபாரி. படித்தது ஐந்தாவது. காலையில் கரையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டு, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வயல்காட்டு ஊர்களுக்குப் போவேன். இருபத்தைந்து வருஷமாக இதுதான் பிழைப்பு. எந்த வீட்டுக்கு எந்த மீன் என்று கேட்காமலே எடுத்து வைப்பேன்.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு செய்து கொடுப்பார்கள். பால் ஊறும் என்று. அதற்குப் பெரிய சுறா ஆகாது, பால் சுறாதான் வேண்டும் என்பார்கள். கை நீளத்துக்குள் இருந்தால் பால் சுறா. நான் அப்படிப் பார்த்துத்தான் எடுத்தேன், அப்படிச் சொல்லித்தான் விற்றேன். வேறு மாதிரி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த ஊரில் ஒரு வீட்டில் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து ஐந்து நாள். பால் சரியாக வரவில்லை. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவளுடைய அம்மா என் வண்டியை மறித்து, நாளைக்குப் பால் சுறா இல்லாமல் இந்தத் தெருவுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் கரையில் ஐந்து கிடைத்தது. பெட்டியில் அடுக்கும்போது ஒரு பெண் வந்து நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும். மீன் ஆராய்ச்சி. அவ்வப்போது வருவார், டேப் வைத்து மீனை அளப்பார், நோட்டில் எழுதுவார், போய்விடுவார். அன்றைக்கு என் பெட்டியைப் பார்த்து, இது என்ன சுறா என்றார். பால் சுறா என்றேன். ஐந்துமா என்றார். ஐந்தும்தான் என்றேன். இதுகூடத் தெரியாமல் என்ன ஆராய்ச்சி என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அவர் ஒன்றை எடுத்து மல்லாக்கப் போட்டார். இரண்டு பக்கத் துடுப்புச் செட்டைக்கும் நடுவில் என் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். சின்னதாக ஒரு கீறல். ஆறாத புண் மாதிரி இருந்தது. கத்தி பட்டிருக்கும் என்றேன்.

“தொப்புள்ண்ணே. இன்னும் காயல. பொறந்து கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும்.”

மீனுக்கு ஏது தொப்புள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர் காதில் விழுந்துவிட்டது.

“என்னண்ணே, மீனுக்குப் பேறுகாலமா பாக்குறீங்க? அப்படியே காது குத்தி அனுப்புங்க.”

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. இந்தச் சுறாவெல்லாம் குட்டி போடுகிற இனம், தாய் வயிற்றில் கொடியோடு இருக்கும், பிறந்து கொஞ்ச நாளைக்கு அந்தத் தழும்பு இருக்கும் என்று சொன்னார். பால் சுறா தனி ஜாதி, வளர்ந்தாலும் சின்னதுதான். இந்த ஐந்தில் நான்கு, ஆள் நீளத்துக்கு வளருகிற சுறாவின் குட்டிகள். ஐந்தாவதை எடுத்துக் காட்டினார். அதன் வயிறு வழுவழுப்பாக இருந்தது. பின்பக்கம் இரண்டு விரல் மாதிரி விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. வளர்ந்த ஆணுக்குத்தான் இப்படி இருக்கும், இதுதான் பால் சுறா என்றார்.

சுறா பிடித்தால் கேஸ் போடுவார்களா என்று கேட்டேன். சில வகையைத் தொடவே கூடாது, மற்றதைப் பிடிக்கலாம், இந்த ஐந்தும் சட்டப்படி தப்பில்லை என்றார். ஆனால் மத்தி மாதிரி முட்டையாகக் கொட்டுகிற மீன் இல்லையாம். பல வருஷம் வளர்ந்து, கொஞ்சம் குட்டிதான் போடுமாம். குட்டியையே எடுத்துக்கொண்டிருந்தால் அப்புறம் குட்டி போடக் கடலில் எது இருக்கும் என்று கேட்டார்.

தப்பில்லை என்கிறார். எடுக்காதே என்கிறார். நான் எதைக் கேட்பது?

ஐந்தையும் எடுத்துக்கொண்டு போகும் வழியில் ஒரு வாய்க்கால் மதகில் வண்டியை நிறுத்தினேன். கடைமடைக்குத் தண்ணீர் வந்த நேரம், இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் தொட்டுப் பார்த்தேன். நான்கிலும் கீறல் இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை சுறாவை வெட்டியிருப்பேன். ஒன்றின் வயிற்றையாவது பார்த்தேனா? கடலில் திரும்பப் போட்டாலும் செத்தது செத்ததுதான். ஆனாலும் பெட்டியை மூடக் கை வரவில்லை.

அந்த வீட்டில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்தேன். வளர்ந்ததை. அந்த அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். மிச்சம் யாருக்கு, எங்களை விட வேண்டியவர்களுக்கா என்று கேட்டார். அது பால் சுறா இல்லை, வேறு சுறாவின் குட்டி என்றேன். தொப்புளைக் காட்டினேன். அவர் விடவில்லை.

“இவ பொறந்தப்பவும் நீங்கதானண்ணே குடுத்தீங்க. இதே மாதிரிதான் இருந்துச்சு. எனக்குப் பால் வந்துச்சே. அப்ப அது என்ன சுறா?”

அன்றைக்குக் கொடுத்தது எது என்று இனி யார் சொல்ல முடியும்?

அவருடைய மகள் குழந்தையோடு வாசல்படிக்கு வந்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் பேசியதைக் கேட்டிருக்கிறாள். குழந்தைக்குச் சட்டை போடவில்லை. தொப்புள் கொடி இன்னும் விழாமல் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து மீனின் வயிற்றைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். குழந்தை அழ ஆரம்பித்தது.

“எம்புள்ளைக்குப் பால் வரணும்ண்ணே. எல்லாத்தையும் குடுங்க.”

ஐந்தையும் வெட்டிக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்துப் போனபோது பால் வந்துவிட்டது என்று அந்த அம்மா சொன்னார். ஆஸ்பத்திரி நர்ஸ் விடாமல் குழந்தையை மார்பில் போடச் சொன்னாராம், அதையும் செய்தார்களாம். எதனால் வந்தது? நர்ஸ் சொன்னதாலா, அந்த ஒரு நிஜப் பால் சுறாவாலா, நான்கு குட்டிகளாலா? குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் குட்டி எடுப்பதில்லை. நான் எடுக்காமல் விட்டதை இன்னொரு வியாபாரி எடுத்துக்கொண்டு போகிறார். அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். காது குத்தச் சொன்னாரே, அந்த வலைக்காரர், இப்போது என்னைக் கண்டால், “தொப்புள் காஞ்சதா பாத்து வெச்சிருக்கேன், வாங்கண்ணே” என்று கூப்பிடுகிறார். வலையில் உயிரோடு இருக்கிற குட்டியைக் கடலிலேயே விட்டுவிடுகிறாராம். நிஜமா, கேலியா தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பால் சுறா இருக்கிறதா என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் வண்டியை நிறுத்துவதற்குள் இருக்கு என்று சொல்லிவிடுவேன். இப்போது கட்டைவிரல் முதலில் மீனின் வயிற்றைத் தடவிப் பார்க்கிறது, அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் திறக்கிறது.